கயிற்றின் மறுமுனை

அருந்தும் நீரை வடிகட்டி அருந்த வேண்டும் என்பது நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற ஒழுக்கம். வடிகட்டியதோடு அக்கடமை முடிந்துவிடுவதில்லை என்பதை இன்றைய இளைஞருள் பலர் அறியார். துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, அந்நீர் எந்தக் கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்தக் கிணற்றிலேயே, துணியை அலசிய நீரோடு மெல்ல இறக்கிவிட வேண்டும். தூய நீர் நமக்குக் கிடைத்தது. அது கிடைக்கும்பொருட்டு இடம் பெயர்ந்த உயிர்கள் என்ன ஆயின என்று கேட்பதும் இல்லறத்தாரின் கடமை என்பதே அவ்வழக்கத்தின் உட்பொருள். குழாயும் மின்மோட்டாரும் வந்தபின் அவ்வழக்கம் பெரும்பாலும் மறைந்தது. ஆயினும் அக்கேள்வியை இன்று வேறோர் இடத்தில் கேட்க வேண்டியிருக்கிறது. கத்திரி வெயிலில் என் அறை குளிர்கிறது. அக்குளிர்ச்சியின் பொருட்டு எங்கே எது இடம் பெயர்ந்தது? அதற்கு நான் எவ்வளவு தூரம் பொறுப்பாவேன்?

தஞ்சைத் தரணியில் இக்கேள்வி முன்பு எழுந்ததில்லை. ஏ.சி. என்பது வங்கியிலும் பெரிய மருத்துவமனையிலும் காணும் பொருளாய் இருந்தது. இன்றோ கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளில் ஓர் அறையிலேனும் அது பொருத்தப்பட்டுள்ளது. மகனுக்குத் திருமணம் பேசும்போதே மாடி அறைக்கு ஏ.சி. உண்டா என்று கேட்கும் காலம் இது. இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. வெயிலும் முன்பு போல் இல்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களுள் ஒன்றாகத் தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டு அறிவித்தது. புயலுக்கும் வெள்ளத்திற்கும் உரிய பட்டியலில் வெயிலும் சேர்ந்துவிட்டது.

குளிர்ச்சியை யார் தருகிறார் என்பது கண்ணெதிரே தெரிந்த காலமும் ஒன்று உண்டு. வெள்ளைக்காரர் ஆட்சியில் கச்சேரிகளிலும் அதிகாரிகளின் பங்களாக்களிலும் உத்தரத்திலிருந்து ஒரு பெரிய துணிச் சட்டம் தொங்கும். அதற்குப் பங்கா என்று பெயர். அதில் கட்டிய கயிறு சுவரிலுள்ள துளை வழியே வெளித் தாழ்வாரத்திற்குச் செல்லும். அங்கே ஓர் ஆள் அமர்ந்து, பகலெல்லாம், சில வீடுகளில் இரவெல்லாம், கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பான். கை ஓய்ந்தால் காலில் கட்டிக்கொண்டு இழுப்பான். உள்ளே துரை உறங்குவார். வெளியே இருப்பவன் கண்ணயர்ந்தால் காற்று நின்றுவிடும், வசை கிடைக்கும். மின்விசிறி வந்து அந்த மனிதனுக்கு விடுதலை கொடுத்தது. இது பெரிய அறம். இயந்திரம் என்றாலே தீவினை என்று பேசுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆனால் கயிறு அறுந்துவிடவில்லை. அது நீண்டுவிட்டது. முன்பு தாழ்வாரத்தில் முடிந்தது, இப்போது கம்பியாகிப் பல மாவட்டங்களைக் கடந்து செல்கிறது. மறுமுனையில் இருப்பவரை நாம் காண்பதில்லை. அதனால் யாரும் இல்லை என்று எண்ணிவிடுகிறோம்.

நமக்கு அண்மையிலுள்ள மறுமுனைகளுள் ஒன்று நெய்வேலி. கடலூர் மாவட்டத்திலுள்ள அவ்வூரில் 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே மின்சாரம் பிறந்தது. என் தலைமுறை ஆசிரியர்கள் வகுப்பில் பெருமையோடு கற்பித்த பாடம் அது. இன்றும் பெருமைக்குரியதே. எனினும் அக்கரி எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதையும் உடன் கற்பித்திருக்க வேண்டும். அது நிலத்தின் மேலேயே கிடப்பதன்று. ஒரு டன் கரி எடுக்கப் பல டன் மண்ணை அகழ்ந்து வேறிடத்தில் மலையாகக் குவிக்க வேண்டும். கரிப்படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பேரழுத்தத்தோடு நிற்கிறது. சுரங்கத்துள் அது பொங்காதிருக்க, இரவும் பகலும் அதனை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு, ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டியிருக்கிறது.

கணக்குப் பாடமாகவே பார்ப்போம். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று ஓர் இரவு எட்டு மணி நேரம் ஓடினால், அதன் தரத்தையும் அறையின் வெப்பத்தையும் பொறுத்து, ஆறு முதல் எட்டு யூனிட் செலவாகும். அந்த மின்சாரம் முழுவதும் நெய்வேலியிலிருந்து வந்ததாகக் கொண்டால், ஒருவர் ஓர் இரவு உறங்க ஆறு முதல் எட்டு கிலோ கரி எரிகிறது. நம் கம்பியில் காற்றாலை மின்சாரமும் நீர்மின்சாரமும் கலந்தே வருகின்றன என்பது உண்மை. ஆகவே இதனை மேல்வரம்பாகக் கொள்க. பழைய மின்விசிறியோ அதே எட்டு மணி நேரத்திற்கு முக்கால் யூனிட்டுக்கும் குறைவாகவே கேட்கிறது. இப்போது வரும் பி.எல்.டி.சி. மின்விசிறிகளுக்குக் கால் யூனிட் போதும்.

இனி 2023ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டு மார்ச் இறுதியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் ஏலம் விட அறிவித்த சுரங்கப் பகுதிகளின் பட்டியலில் தமிழ்நாட்டின் மூன்று இடங்கள் இருந்தன. கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்புக் கிழக்கு, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி, தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டை அடுத்த வடசேரி. டெல்டா முழுவதும் கொதித்தெழுந்தது. 2020இல் இயற்றிய சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்ட நிலம் ஆயிற்றே! உழவர்கள் போராடினர், சட்டமன்றத்தில் பேசப்பட்டது, முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 8ஆம் நாள் மூன்று இடங்களும் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று ஒன்றிய அமைச்சர் அறிவித்தார். நம் வீடுகளில் இனிப்பு வழங்காத குறையாக மகிழ்ந்தோம். நெல் விளையும் மண் காப்பாற்றப்பட்டது.

அதே ஆண்டு ஜூலையில், நெய்வேலி நிறுவனத்தின் விரிவாக்கப் பணிக்காக, கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் பயிர் நின்ற வயல்களுக்குள் மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். அறுவடை வரையிலாவது பொறுத்திருக்கலாகாதா என்றனர் உழவர். பச்சை நெற்பயிர் மண்ணோடு புரட்டப்பட்ட காட்சியைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றத்து நீதியரசர் ஒருவரும் மனம் வருந்திப் பேசினார்.

இங்கேதான் என் மனம் தடுமாறுகிறது. வடசேரியின் மண்ணைத் தொடக்கூடாது என்று நாம் சொன்னோம். சொன்னது சரி. ஆனால் அந்த ஏப்ரலிலும் மேயிலும் நம் வீட்டு மின்சாரத் தேவையை ஒரு யூனிட்டேனும் குறைத்தோமா? குறைக்கவில்லை எனில், நாம் உண்மையில் கேட்டது என்ன? கரி வேண்டும், ஆனால் அது வேறொருவர் வயலுக்கு அடியிலிருந்து வரட்டும் என்பதுதானே? வளையமாதேவி உழவரும் நெல்தான் நட்டார்.

இவ்விடத்தில் என் தம்பி மகன் சொன்ன ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பொறியியல் படித்தவன். “அத்தை, நம் வீட்டில் ஓர் ஏ.சி.யை நிறுத்தினால் நெய்வேலியில் ஒரு கொதிகலன் நின்றுவிடுமா? நீங்கள் அணைப்பது அவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது” என்றான். இதனை விளையாட்டாகத் தள்ளிவிட இயலாது. நன்மை தீமைகளை விளைவைக் கொண்டே அளப்பவர்களுக்கு இது வலிமையான வாதம். நான் அவனுக்குக் கடைமடையை நினைவூட்டினேன். காவிரியில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் தலைமடைக்காரர் ஒவ்வொருவரும் தம் மடையைச் சிறிது கூடுதலாகத் திறந்து வைப்பார். ஒருவர் எடுப்பதால் ஆறு குறையாது என்பது மெய்யே. ஆனால் நாகப்பட்டினத்துக் கடைமடையில் பயிர் காயும். அங்குக் காய்ந்த பயிருக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஆயிரம் பேரும் கையை விரிப்பர். அவர்கள் எவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் பயிர் காய்ந்தது. மின்சாரமும் அத்தகையதே. 2024 மே மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் மின்தேவை 20,800 மெகாவாட்டைக் கடந்தது. அந்த உச்சம் தனியொரு தொழிற்சாலையால் வந்ததன்று. வீடு வீடாகச் சேர்ந்தது. அந்த உச்சத்திற்கு ஈடு கொடுக்கத்தான் புதிய கொதிகலன்கள் கட்டப்படுகின்றன.

நம் நூல்கள் இவ்வாதத்திற்கு வேறு வழியில் விடை தருகின்றன. வினை என்பது தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் என மூவகைப்படும். கை செய்யாததால் மட்டும் ஒருவர் வினையினின்று நீங்கியவர் ஆகார். விசையை அழுத்துவது செய்வித்தலா, உடன்படுதலா? உடன்படுதல் என்று சொல்வோர் உளர். கட்டணம் செலுத்துகின்றபடியால் செய்வித்தலே என்பது என் கருத்து. இன்னொன்றும் நோக்கத்தக்கது. இல்லறத்தார் நீக்க வேண்டியவை என வடநூல்கள் கூறும் 15 தொழில்களுள் கரி சுடுதல், நிலம் பிளத்தல், நீர்நிலைகளை வற்றச் செய்தல் என்பவையும் உள்ளன. மேலே நெய்வேலியைப் பற்றிச் சொன்னவற்றை மீண்டும் ஒருமுறை பார்க்க. அந்நூல்களை எழுதியோர் அனல் மின்நிலையத்தைக் கண்டவர் அல்லர். நாம் நேரே செய்யத் துணியாத மூன்று தொழில்களை ஒரே இடத்தில், ஒரே கம்பியின் வழியே, நமக்காகச் செய்விக்கிறோம்.

இதைப் படித்துவிட்டு, ஆகவே மின்சாரத்தைத் துறந்துவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதாக எவரும் அஞ்ச வேண்டா. தமிழ்ச் சமணர் பெரும்பாலும் உழுது உண்ட குடியினர். வடநாட்டுச் சமணர் பலரைப் போல வணிகத்தையே சார்ந்து, ஏர் பிடித்தலில் உள்ள உயிர்க்கேட்டை விலக்கி வாழ்ந்தவர் அல்லர். கொழு முனையில் புழு மடியும் என்பதை அறிந்தே உழுதனர். இல்வாழ்க்கைக்கு இன்றியமையாத தொழிலில் நேரும் ஊறு வேறு. வேண்டுமென்று கருதிச் செய்யும் கொலை வேறு. தவிர்க்க இயலாததை அளவோடு செய்து, தவிர்க்கக் கூடியதைத் தவிர்த்தனர். தவிர்க்கக் கூடியது எது என்பதற்கு இரத்தினகரண்ட சிராவகாசாரம் ஒரு வரையறை தருகிறது. அந்நூலின் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் இல்லறத்தாருக்கு எழுந்ததே. பயனின்றி நிலத்தை அகழ்தல், பயனின்றி நீரைச் சிதைத்தல், பயனின்றித் தீ மூட்டுதல், பயனின்றிக் காற்றை எழுப்புதல், பயனின்றி மரம் செடிகளை வெட்டுதல் ஆகிய இவை பொறுப்பற்ற ஒழுக்கம் என்று அது கூறும். காற்றை எழுப்புதலையும் பட்டியலில் சேர்த்த நுண்மையை எண்ணி வியக்கிறேன். ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறி ஒவ்வொன்றும் அதில் அடங்கும். இவற்றுள் எதுவும் முற்றிலும் விலக்கப்படவில்லை. பயன் உண்டா என்பதே வினா.

பயன் எது என்பதில்தான் நாம் நேர்மையோடு இருத்தல் வேண்டும். மருந்துண்ணும் முதியவருக்கும், கைக்குழந்தைக்கும், பிள்ளைத்தாய்ச்சிக்கும் நாற்பது டிகிரி வெயிலில் குளிர்ந்த அறை மருந்துக்கு ஒப்பானது. பெரு வெப்பத்தில் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இயலாது போனால் உயிரே போகும். தவம் என்பது ஒருவர் தம் உடம்பின்மேல் தாமே ஏற்பது. அதனைப் பிறர்மேல் ஏற்றுதல் தவமாகாது, கொடுமையாகும். பெரியவர் எளிமை பேசிக் கூடத்தில் சாய்ந்திருக்க, மருமகள் அடுக்களை அனலில் நிற்கும் வீடுகளை நான் கண்டதுண்டு. சமையலறையில் ஒரு மின்விசிறிக்கு இடம் இல்லாத வீட்டில் துறவைப் பற்றிப் பேசலாகாது. மறுபுறம், போர்வை போர்த்திக்கொள்ளும் அளவுக்கு 18 டிகிரியில் ஏ.சி.யை வைத்து உறங்குவதற்கு எந்தப் பயனைக் காட்ட முடியும்? 2020ஆம் ஆண்டு முதல், இந்நாட்டில் விற்கும் ஏ.சி. பொறிகள் இயக்கியவுடன் 24 டிகிரியில் தொடங்குமாறு விதி செய்யப்பட்டுள்ளது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிஞ்சும் என்கிறது ஆற்றல் திறன் செயலகம். அதனை 26இல் வைத்து மேலே மின்விசிறியையும் சுழலவிட்டால் நம் ஊர் உடம்புக்குப் போதுமானது.

இந்தப் பொருளில் பேசத் தொடங்கினாலே நம்மவர் பழைய வீடுகளின் பெருமைக்குப் போய்விடுவர். பெருமை உண்டுதான். வானம் பார்த்த முற்றம், அதனைச் சுற்றித் தாழ்வாரம், தெருவில் திண்ணை, மேலே நாட்டு ஓடு. ஓட்டின் இடுக்குகள் வழியே சூடான காற்று மேலேறி வெளியேறும். முற்றத்தின் வழியே இரவுக் குளிர் கீழிறங்கும். வசதியுள்ளோர் மெட்ராஸ் தளம் போட்டனர். தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கடுக்காய் நீர் தெளித்து இடித்து, மேலே தட்டோடு பதிப்பர். அத்தடிப்பில் வெயில் உள்ளே இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இவை யாவும் மெய். ஆனால் அந்த வீடுகளில் எத்தனை பேர் வாழ்ந்தனர்? ஊரில் பெரும்பாலோர் கீற்றுக் கூரையின் கீழ் வாழ்ந்தனர். கீற்றைப் போலக் குளிர்ந்த கூரை இல்லை; கீற்றைப் போல விரைவில் எரிவதும் இல்லை. 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியில் சமையற்கூடத்துத் தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் மாண்டனர். ஆசிரியராய் இருந்த எவரும் அந்நாளை மறக்க முடியாது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரை அகற்றப்பட்டது, அகற்றியதே முறை. கூரை வீடுகள் கான்கிரீட் வீடுகளாக மாறியதையும் நான் வரவேற்கிறேன். மழையில் ஒழுகாத, ஒரு பொறியில் சாம்பலாகாத வீட்டை ஏழைக்கு மறுத்துவிட்டு மரபின் குளிர்ச்சியைப் பேசுதல் நமக்குத் தகாது.

கான்கிரீட் தளத்தின் குற்றம் வேறு. நான்கைந்து அங்குலமே கனமுள்ள அது பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவு பத்து மணிக்கு மேலும் அறைக்குள் உமிழ்கிறது. மாடியில் வெறுங்காலோடு மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தோர் இதனை அறிவர். ஆகவேதான் டெல்டா வீடுகளில் ஏ.சி. பகலைவிட இரவில் மிகுதியாக ஓடுகிறது. இதனை மனத்தில் கொண்டால்தான் அடுத்துச் சொல்லப்போகும் சூரிய மின்சாரத்தின் நிறையும் குறையும் விளங்கும்.

வீட்டு மாடியில் சூரியத் தகடு வைக்கும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரியவீடு திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்பிற்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. அத்தகடுகள் நம் வெயிலில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு யூனிட் அளவில் தரும். நல்ல முயற்சி, இயன்றவர் செய்க. ஆனால் அதன்பின் வரும் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. “எங்கள் வீட்டில் சோலார் இருக்கிறது, இனி எவ்வளவு வேண்டுமானாலும் ஏ.சி. போடலாம், பாவம் இல்லை” என்கின்றனர். பகலில் நம் தகடு தரும் மின்சாரம் வாரியத்தின் கம்பிக்குச் செல்கிறது. இரவில் நம் ஏ.சி. வாரியத்தின் கம்பியிலிருந்து இழுக்கிறது. மீட்டரில் கொடுத்ததும் எடுத்ததும் கழிந்துபோகலாம். ஆனால் இரவு பதினொரு மணிக்குச் சூரியன் இல்லை. ஆடி மாதமாயின் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று கைகொடுக்கும். சித்திரை வைகாசி இரவுகளிலோ பெரும்பாலும் நெய்வேலியிலும் தூத்துக்குடியிலும், நம் வயலுக்கு நீர் விடும் அதே மேட்டூரின் அனல் மின்நிலையத்திலும், கரி எரிந்தாக வேண்டும். பகலில் ஒருவருக்கு உணவிட்டு, இரவில் வேறொருவர் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, கணக்கு நேராயிற்று என்று சொல்வது போன்றது அது. பகலில் இட்ட உணவு வீணாகாது. அந்நேரத்தில் எரிய வேண்டிய கரியை அது மிச்சப்படுத்துகிறது. இரவுக்கு மட்டும் அது விடையாகாது.

கதிரவன் மறையும் முன் உண்ணும் நம் நெறி இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. பகற்பொழுதில் சமைத்து, பகற்பொழுதில் நீர் இறைத்து, மாவரைத்து, துணி துவைத்து முடிக்கும் வீட்டிற்குச் சூரியத் தகடு இயல்பாகவே பொருந்தும். விளக்கு வைத்தபின் அடுப்பு மூட்டும் வீட்டிற்கு அது பாதியே பயன்படும். சேமக்கலம் வைத்தால் இரவுக்கும் ஆகும், விலை அதிகம். ஒன்றை மட்டும் வாங்குவோர் அறிந்துகொள்க. சேமக்கலம் இல்லாத அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்துப் பட்டுக்கோட்டைப் பக்கம் வாரக்கணக்கில் இருள் சூழ்ந்தது போல் மீண்டும் நேர்ந்தால், மாடியில் தகடு பளபளக்க, கீழே இருட்டில்தான் அமர்ந்திருக்க வேண்டும். தகடும் வானிலிருந்து விழுவதன்று. மணற்கல்லை உருக்கி எடுப்பது; பெரும்பகுதி சீனத்தில், அதுவும் கரி மின்சாரத்தில் செய்யப்படுவது. ஆயினும் அதனைச் செய்யச் செலவான ஆற்றலை அது ஓரிரு ஆண்டுகளில் ஈடுசெய்து, இருபத்தைந்து ஆண்டு அளவும் உழைக்கும். உழவைப் போல, ஊறு உண்டு, அளவு சிறிது.

என் மனத்திற்குப் பட்ட வரிசை இது. முதலில் கூரை. மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பைக் கரைத்து இரண்டு மூன்று பூச்சுப் பூசினால் வெயிலில் பெரும்பங்கு திரும்பிப் போய்விடும். கீழறையின் சூடு உடம்பு உணரும் அளவுக்குக் குறையும். மழைக்குப்பின் மீண்டும் பூச வேண்டும், அவ்வளவே. வெள்ளைத் தட்டோடு பதித்தால் நெடுநாள் நிற்கும். சூரியத் தகட்டைக் கூரைக்குமேல் உயர்த்தி வைத்தால் அதன் நிழலும் ஒரு பயன். மேற்குச் சுவருக்கு ஒரு பந்தல், சன்னலுக்கு வெளியே ஒரு தட்டி. அடுத்து மின்விசிறியை மாற்றுதல். அதற்கும் பிறகு, வேண்டுமாயின், ஏ.சி. அவ்வாறு வரிசையாய் வந்தவர் வீட்டில் ஒன்றரை டன்னுக்குப் பதில் ஒரு டன் போதும். எட்டு மணி நேரத்திற்குப் பதில் மூன்று மணி நேரம் போதும். பலர் கடைசிப் படியிலிருந்து தொடங்குகின்றனர்.

ஏ.சி.யைப் பற்றி இன்னும் ஒரு சொல். அது குளிரை உண்டாக்கும் பொறியன்று. உள்ளிருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டும் பொறி. தான் செலவிட்ட மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்தே கொட்டும். குறுகிய சந்தில் வைத்த வெளிப்பெட்டி யார் சன்னலைப் பார்த்து மூச்சு விடுகிறது என்பதை ஒருமுறை வெளியே போய்ப் பார்த்து வருக. அதனுள் அடைத்த வாயுவும் உண்டு. ஆர்-410ஏ என்னும் வாயு, கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 2,000 மடங்கு பூமியைச் சூடாக்க வல்லது. ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆர்-290 என்பது புரொப்பேன். அதன் தீங்கு மிகச் சிறிது, தீப்பற்றும் தன்மையுண்டு ஆதலால் தேர்ந்த ஆள் பொருத்த வேண்டும். இவ்வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலி நகரில் உலக நாடுகள் உடன்பட்டன. இந்தியா 2021இல் ஏற்றது. பழுது பார்க்க வருபவர் பழைய வாயுவை வெளியில் திறந்துவிட முற்பட்டால், வேண்டாம், உருளையில் பிடித்துச் செல்லுங்கள் என்று கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. இதை நம் பெண்கள் கேட்கப் பழக வேண்டும். அந்நேரத்தில் வீட்டில் இருப்பவர் அவர்களே.

வெந்நீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொதித்தாறிய நீரையே பருகும் குடும்பங்களில் ஆண்டு முழுதும் அடுப்பு எரிகிறது. மாடியில் ஒரு சூரிய வெந்நீர்க் கலன் இருந்தால் ஐம்பது அறுபது டிகிரி வரை கதிரவனே காய்ச்சித் தருவான். குளிக்க அது மிகுதி. குடிநீரையும் தூய்மையாக அதில் ஏற்றினால், கொதிக்கவைக்கும் எஞ்சிய வேலைக்கு எரிவாயு குறைவாகவே செலவாகும். முற்காலத்து உமி அடுப்பும் வறட்டியும் புதுப்பிக்கத்தக்கவையே. அந்தப் புகையை விழுங்கிய பெண்களின் மார்பு நோயையும் சேர்த்தே நினைவுகூர்வேன்.

அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இதே கேள்வி மறுபுறமாய் நிற்கிறது. கனடாவிலும் இங்கிலாந்திலும் பனிக்காலத்தில் எரிவாயு எரித்து வீட்டைச் சூடாக்குகின்றனர். இப்போது ஏ.சி.யைத் திருப்பிப் போட்டாற்போன்ற வெப்ப ஏற்றிகள் பரவுகின்றன. வெளிக்குளிரிலும் எஞ்சியிருக்கும் சிறு வெப்பத்தைத் திரட்டி, ஒரு யூனிட் மின்சாரத்திற்கு மூன்று யூனிட் அளவு சூட்டை அவை உள்ளே கொண்டுவருகின்றன. நார்வே, பின்லாந்து போன்ற கடுங்குளிர் நாடுகளிலேயே அவை மிகுதி. ஆதலால் குளிருக்கு அவை ஆகா என்பது பொருந்தாது. ஆனால் அங்கும் வல்லுநர் முதலில் சொல்வது, சுவரையும் சன்னலையும் காற்றுப் புகாமல் அடையுங்கள் என்பதே. நமக்குக் கூரை, அவர்களுக்குச் சுவர்.

நம் வீட்டுக் கூரை வெளுத்தபின் யார் கூரை என்ற கேள்வி எஞ்சுகிறது. நம் வயலில் நாற்றுப் பறித்து நடும் பெண்கள் நண்பகலில் திரும்பிச் செல்லும் வீடுகள் தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் தகடும் போட்டவை, அல்லது தளம் மெலிந்த தொகுப்பு வீடுகள். ஏ.சி.யின் கயிற்றை அவர்கள் இழுக்கவில்லை. சூட்டை மட்டும் பங்கிட்டுக்கொள்கின்றனர். முந்நூறு சதுர அடிக் கூரை ஒன்றிற்குச் சுண்ணாம்பும் கூலியும் சேர்த்து ஆகும் செலவு, நம் வீட்டு ஏ.சி.யின் ஒரு கோடைக்கால மின்கட்டணத்தில் அடங்கிவிடும். எங்கள் தெருவில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து பன்னிரண்டு கூரைகளுக்கு இவ்வாண்டு பூசுவதாக ஏற்பாடு. இதனைத் தானத்தில் எழுதுவதா, வீட்டுச் செலவில் எழுதுவதா என்று ஒரு பேச்சு வந்தது. ஆகாரம், மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகையுள் எதிலும் கூரை வராது என்றார் சாத்திரம் கற்ற பெரியவர் ஒருவர். இரத்தினகரண்டம் உணவு, மருந்து, கருவி, உறையுள் என்றல்லவா எண்ணுகிறது என்றேன். அங்கே உறையுள் துறவோர்க்குச் சொல்லியது அம்மா, நடவு ஆளுக்குச் சொல்லியதன்று என்றார். அவர் சொன்னது நூலின்படி சரியே. பங்குனி முதல் வாரத்தில் பூச்சு வேலை தொடங்குகிறது. இப்போதைக்குக் கணக்கை இரண்டு பக்கத்திலும் எழுதாமல் தனித் தாளில் வைத்திருக்கிறேன்.